ஊழும் விதியும்: ஒரு மாணவன் கேட்ட கேள்வி



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். வெண்பலகையில் 'சாலை விதிகள்' என்று தலைப்பிட்டுவிட்டுத் திரும்பியபொழுது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, சாலை விதியும் தலைவிதியும் ஒரே விதியா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "எழுத்து ஒன்று, பொருள் வேறு. உட்கார்ந்து எழுது" என்று சொல்லிவிட்டேன்.

அந்த விடை தவறு. பாலும் பாலும்போலத் தற்செயலாக ஒலி ஒத்துப்போன இரு வேறு சொற்கள் அல்ல அவை. சாலை விதியும் தலைவிதியும் ஒரே சொல்தான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கும் எனக்குத் தோன்றாமல் போனதே என்று அன்று மாலை வெட்கமாக இருந்தது. வீட்டிற்குச் சென்றதும் அகராதிகளையும் உரைநூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லைத் தேடப் போய்ப் பல சொற்கள் அகப்பட்டன. அவற்றோடு, என் வீட்டுக் கதை ஒன்றும் என் பணிக்காலத்துத் தவறு ஒன்றும் சேர்ந்து எழுந்து வந்தன. எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் 'விதி'யைப் பார்ப்போம். இது வடசொல். 'வி' என்னும் முன்னொட்டும், வைத்தல் என்னும் பொருளுடைய 'தா' என்னும் வேரும் சேர்ந்து பிறந்தது. ஒழுங்குபட அமைத்து வைத்தல், இன்னவாறு நடக்க வேண்டும் என்று கட்டளையிடுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். வேள்விச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சை நூலார், 'இதைச் செய்க' என்னும் வேதக் கட்டளையை விதி என்றனர். 'இதைச் செய்யாதே' என்பது விலக்கு. நாம் இன்று விலக்காக நிற்கும் ஒன்றைக் குறிக்க வழங்கும் 'விதிவிலக்கு' என்னும் தொடரில் அந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆக, கட்டளை என்பதே முதற்பொருள். உயிர்களுக்கு வாழ்நாளையும் இன்ப துன்பங்களையும் கட்டளையாக வகுத்து வைப்பவன் ஒருவன் உளன் என்ற நம்பிக்கையால், அவன் வகுத்ததும் விதியாயிற்று. நம் அன்றாடப் பேச்சே இதற்குச் சான்று. வரி விதிக்கிறோம், தடை விதிக்கிறோம், நீதிமன்றம் தண்டனை விதிக்கிறது. இலக்கண வகுப்பில் புணர்ச்சி விதி கற்பிக்கிறோம். மலையாளத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், நீதிமன்றத் தீர்ப்பையே 'விதி' என்பார்கள். மலையாள நாளேட்டில் ஒரு வழக்கின் விதி வந்துவிட்டது என்று போட்டிருந்தால் அதில் சோகம் எதுவும் இல்லை. தீர்ப்பு வந்துவிட்டது என்றுதான் பொருள்.

சீன நண்பர்கள் ஊழைக் குறிக்கும் 'மிங்' என்னும் சொல்லை எழுதும்பொழுது, வாயைக் குறிக்கும் வடிவத்தையும் ஆணையைக் குறிக்கும் வடிவத்தையும் ஒன்றாகச் சேர்த்தே எழுதுகிறார்கள். கட்டளை, உயிர், ஊழ் ஆகிய மூன்றுக்கும் அந்த ஓரெழுத்துத்தான். ஆங்கிலத்தின் 'ஃபேட்' என்ற சொல்லோ 'சொல்லப்பட்டது' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு வாய் சொல்ல, கீழே இருப்பவன் கேட்டு நடப்பது என்னும் ஒரே ஓவியத்தைத்தான் இச்சொற்கள் எல்லாம் தீட்டுகின்றன.

ஆனால், தமிழில் இதற்கு முன்பே வேறு சொற்கள் இருந்தன. அவை தீட்டிய ஓவியங்கள் வேறு.

திருக்குறளின் 38ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அதிகாரத்தின் பெயரே 'ஊழ்'. அந்தப் பத்துக் குறள்களிலும் 'விதி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆகூழ், இழவூழ், போகூழ் என்று ஊழ் வருகிறது. பால் வருகிறது. 'வகுத்தான்' வருகிறான். உண்மை, இயற்கை ஆகிய சொற்கள்கூட ஊழின் பொருளில் நிற்கின்றன. விதி மட்டும் இல்லை. பிற்காலத்தில் உரை எழுதிய பரிமேலழகர், ஊழுக்கு ஒத்த சொற்களைப் பட்டியலிடும்போது பால், முறை, உண்மை, தெய்வம், நியதி ஆகியவற்றோடு விதியையும் சேர்க்கிறார். வள்ளுவருக்கும் பரிமேலழகருக்கும் இடைப்பட்ட காலத்தில் விதி என்ற சொல் தமிழ் வீட்டிற்குள் வந்து நடுக்கூடத்தில் அமர்ந்துவிட்டது என்பதை இந்தப் பட்டியலே காட்டுகிறது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'பால்'. ஆண்பால், பெண்பால், அறத்துப்பால், பொருட்பால் என்றெல்லாம் நாம் நாள்தோறும் வகுப்பில் சொல்லும் அதே பால்தான். 'பகு' என்னும் வேரிலிருந்து பிறந்தது. பகிர்வு, பாதி ஆகியனவும் நாளை இரண்டாகப் பகுக்கும் பகலும் இதன் உறவுகள். பால் என்றால் பகுக்கப்பட்ட கூறு. ஒருவனுக்கு என்று ஒதுக்கப்பட்ட பங்குதான் அவனுடைய பால். (குடிக்கும் பால் வேறு சொல். பால்மரத்துப் பால் அந்தக் குடிக்கும் பாலின் வழி வந்தது. மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஆதலால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.)

தொல்காப்பியம் 'பால்வரை தெய்வம்' என்கிறது. பங்கை வரையறுத்துத் தரும் தெய்வம் என்பது பொருள். அதுவும் எங்கே சொல்கிறது தெரியுமா? சமயம் பேசும் இடத்தில் அன்று, சொல்லதிகாரத்தில்! காலம், உலகம், உயிர், உடம்பு, ஞாயிறு, திங்கள் முதலியவற்றோடு இதையும் சேர்த்து, இத்தகைய சொற்கள் உயர்திணைக்குரிய ஆண்பால் பெண்பால் முடிபுகளைக் கொள்ளமாட்டா என்று இலக்கணம் வகுக்கிறது. இன்றும் நாம் 'விதி விளையாடியது' என்றுதான் சொல்கிறோம். 'விதி விளையாடினான்' என்று எந்தப் பாட்டியும் சொல்லக் கேட்டதில்லை. அந்தப் பழைய நூற்பா நம் வாய்க்குள் இன்னும் ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்தப் பாலை மனங்குளிர வாழ்த்தும் பாடல் ஒன்று குறுந்தொகையில் இருக்கிறது. 229ஆம் பாடல், மோதாசனார் பாடியது. சிறுவயதில் ஒருவர் கூந்தலை ஒருவர் பிடித்திழுத்துச் சண்டையிட்டுக் கொண்டிருந்த ஒரு சிறுவனும் சிறுமியும் வளர்ந்து காதலராகி இணைந்து செல்கிறார்கள். செவிலியர் தடுத்தும் கேளாமல் அடித்துக்கொண்ட பிள்ளைகள்! அவர்களைக் கண்டவர்கள் வியந்து, பாலை நோக்கி 'நீ நல்லை' என்னும் கருத்தில் பாராட்டுகிறார்கள். ஊழ் என்றவுடன் நெற்றியில் அடித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. மோதாசனார் காலத்தில் அதைக் கண்டு மகிழவும் முடிந்திருக்கிறது.

பங்கு என்னும் இந்த எண்ணம் தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. நம் நாட்டில் மலாய்க்காரர்கள் சொல்லும் 'நசிப்' அரபு மொழியிலிருந்து வந்தது. அதன் பொருளும் பங்குதான். கிரேக்கர்கள் ஊழைக் குறிக்கச் சொன்ன 'மொய்ரா'வுக்கும் பங்கு என்பதே பொருள். நூல் நூற்கும் ஒருத்தி, அளந்து பகுக்கும் ஒருத்தி, அறுக்கும் ஒருத்தி என மூன்று பெண் தெய்வங்களாக அதை அவர்கள் உருவகித்தார்கள். மலாயின் இன்னொரு சொல்லான 'தக்டிர்' அளவிட்டு வைத்தல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து வந்தது. பால், நசிப், மொய்ரா ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் பிறந்த சொற்கள். உணவையோ வேட்டையையோ நிலத்தையோ பகிர்ந்துகொண்ட மனிதன் எங்கிருந்தாலும், 'இது உன் பங்கு' என்று சொல்லிப் பழகியிருக்கிறான் போலும்.

'ஊழ்' என்ற சொல்லுக்கு வருவோம். பழந்தமிழில் இது வினையாகவும் வழங்கியது. ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல், பின் உதிர்தல். பூக்கள் பருவம் வந்து மலர்வதையும் காய் கனிவதையும் சங்கப் புலவர்கள் இச்சொல்லால் குறித்தார்கள். முறை, வரிசை என்னும் பொருளும் உண்டு. நீண்ட காலத்தைக் குறிக்கும் 'ஊழி' இதன் உடன்பிறப்பு. வள்ளுவரே 650ஆம் குறளில் மலர்தல் என்னும் பொருளில் இதை ஆண்டிருக்கிறார். கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர்கள், கொத்தாகப் பூத்தும் மணம் இல்லாத மலருக்கு ஒப்பாவர் என்பது அக்குறளின் கருத்து. ஆசிரியர் அறையில் எழுதி ஒட்டத்தக்க குறள். ஒட்டினால் யாரைச் சொல்கிறது என்று மனவருத்தம் வரும் என்பதால் நான் இன்னும் ஒட்டவில்லை!

விதைத்தது தன் பருவத்தில் முதிர்ந்து பயன் தருவது. ஊழ் என்ற சொல்லின் உள்ளே இருக்கும் ஓவியம் அதுதான். அங்கே கட்டளையிடும் வாய் இல்லை. 'ஊழ்வினை' என்று சேர்த்துச் சொல்லும்போது, செய்த வினை பழுத்து வருதல் என்ற பொருள் இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

'முறை' என்ற சொல்லும் இவ்வகையினதே. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடலின் முதலடி உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதன் பின்பகுதியை நாம் அதிகம் கற்பிப்பதில்லை. மழை பெய்து பெருகி, கற்களில் மோதி இரைந்து ஓடும் ஆற்றின் போக்கில் செல்லும் புணை போல, உயிர் முறையின் வழியே செல்லும் என்கிறார் அவர். அதைத் தெளிந்ததனால் பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிக்கிறார். ஊழை நம்பிய ஒருவர், அந்த நம்பிக்கையிலிருந்தே பிறரை இகழக் கூடாது என்னும் முடிவுக்கு வருகிறார். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

முயற்சிக்கு இடமே இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். புத்தர், மகாவீரர் ஆகியோரின் காலத்தவராகிய மற்கலி கோசாலரும் அவரைப் பின்பற்றிய ஆசீவகரும் 'நியதி' ஒன்றே எல்லாவற்றையும் நடத்துகிறது என்றார்கள். வீசியெறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை உருண்டு பிரிவதுபோல, அறிவாளியும் அறிவிலியும் தத்தம் எல்லைவரை பிறந்து இறந்து தீரவேண்டியதுதான் என்பது அவர்கள் கொள்கையாகப் பௌத்த நூல் தரும் செய்தி. இவர்கள் தமிழகத்திலும் இருந்தார்கள். மணிமேகலையில் ஆசீவகர் ஒருவர் தம் கொள்கையைச் சொல்கிறார். நீலகேசியில் ஆசீவகரோடு வாதிடுவதற்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. ஆக, ஊழைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரே கருத்து நிலவவில்லை. வாதம் நடந்துகொண்டே இருந்தது.

வள்ளுவருக்குள்ளேயே அந்த வாதம் நடக்கிறது என்பார் உண்டு. அறத்துப்பாலின் கடைசி அதிகாரத்தில் ஊழைவிட வலியது எது என்று கேட்டவர், 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், தளராது முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வர் என்கிறார். இது முரண் அன்று என்பது என் கருத்து. ஊழ் என்பது முதிர்ந்து வந்த முன்வினை என்றால், இன்று செய்யும் வினையும் நாளை முதிரத்தானே வேண்டும்? ஆள்வினையும் வினைதான். 'விதி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு படித்தால்தான் அந்த இரண்டு குறள்களும் சண்டையிட்டுக் கொள்வது போலத் தோன்றுகிறது.

சிலப்பதிகாரத்திற்கு வருவோம். ஊழ்வினை தவறாது வந்து தன் பயனை ஊட்டும் என்பது அக்காப்பியம் உணர்த்த வந்த மூன்று உண்மைகளுள் ஒன்று என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் வாழ்ந்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் அவனைத் தொடர்ந்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. ஆனால், எப்போது சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணகி அரசவைக்குச் சென்று வழக்குரைத்து, சிலம்பை உடைத்துக் காட்டி, மன்னன் உயிர்விட்டு, மதுரையும் எரியத் தொடங்கிய பிறகு, கட்டுரை காதையில் சொல்கிறது. பாண்டியன் முன் நின்றபோது கண்ணகி ஊழைப் பற்றிப் பேசவில்லை. தன் சிலம்பின் பரல் எது என்று பேசினாள். வாயிற்காவலன், "அம்மா, இது உன் ஊழ்வினை, வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாளா? காப்பியமே இல்லாமல் போயிருக்கும்.

கம்பன் காலத்தில் விதி என்ற சொல் முழுவலிமையோடு நிற்கிறது. நாடிழந்த செய்தி கேட்டுச் சினந்த இலக்குவனிடம் இராமன், ஆற்றில் நீர் வற்றியது ஆற்றின் பிழை அன்று, அதுபோலவே இது தாயின் பிழையும் அன்று, தந்தையின் பிழையும் அன்று, பரதனின் பிழையும் அன்று, விதியின் பிழை என்று அமைதி கூறுகிறான். இலக்குவனோ அந்த விதிக்கே விதியாகத் தன் வில் நிற்கும் என்னும் பொருள்பட மறுமொழி சொல்கிறான். அயோத்தியா காண்டத்து நகர் நீங்கு படலத்தில் இதைக் காணலாம். அண்ணன் தம்பி இருவருள் யார் சரி என்று ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகிவிடும்.

இனி, 'தலையெழுத்து'. படைப்புக் கடவுள் ஒவ்வொருவர் தலையிலும் எழுதி அனுப்புகிறார் என்பது நம்பிக்கை. மண்டையோட்டின் எலும்புகள் பொருந்தும் இடத்தில் தெரியும் வளைந்த கோடுகளையே அந்த எழுத்து என்று காட்டுவதும் உண்டு. மலாய்மொழியிலும் 'சுராத்தான் தக்டிர்' என்பார்கள். 'சூராட்' என்றால் எழுதப்பட்ட மடல். இந்த ஓவியத்தில் ஒரு கடுமை இருக்கிறது. பங்கைக் கூட்டிக் கேட்கலாம். கட்டளைக்கு எதிராக முறையிடலாம். பழுக்கும் கனிக்கு உரம் போடலாம். ஓலையில் எழுத்தாணியால் கீறியதை அழித்து எழுத முடியாது. மேலும், எழுதியவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். சுமப்பவரால் தம் தலையில் இருப்பதைப் படிக்கவும் முடியாது.

நம் முன்னோர் இந்த நாட்டிற்கு வந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இச்சொல் ஏன் தோட்டப்புறத்தில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பது விளங்கும். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதி. தாங்கள் படிக்க முடியாத தாளில் கைநாட்டு வைத்து, அத்தாளில் யாரோ எழுதியிருந்தபடி உழைத்தார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. பெரட்டில் நின்று பெயர் கொடுப்பதும், கங்காணி காட்டிய நிரையில் மரம் வெட்டுவதும், கிராணி எழுதிய கணக்கின்படி சம்பளம் வாங்குவதுமாக வாழ்ந்த மக்களுக்கு, வாழ்க்கை என்பது வேறொருவர் எழுதுவது என்று தோன்றியதில் வியப்பென்ன?

ஆனால், அதே காலத்தில் இன்னொரு விதியும் எழுதப்பட்டது. ஒன்றிணைந்த மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்று விதித்தது. பல தோட்டங்களில் அது ஓலைக்கொட்டகையாகவும், கிராணியே ஆசிரியராகவும் இருந்தது உண்மைதான். இருப்பினும், இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்பு அங்கேதான். அன்று ஒரு சட்டவிதி பல்லாயிரம் தலைவிதிகளின்மேல் கைவைத்தது. அந்த மாணவனிடம் இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

என் வீட்டுக் கதை என்றேன் அல்லவா? எனக்கு ஏழு வயது மூத்தவர் அல்லர், ஐந்து வயதே மூத்தவர் என் அக்கா. தோட்டப் பள்ளியில் அவர்தாம் முதல் மாணவி. 1974இல் ஆறாம் வகுப்பை முடித்தார். அடுத்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பிற்குச் செல்ல வேண்டும். அவர் போகவில்லை. மறு ஆண்டு அம்மாவோடு நிரைக்குச் சென்று மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவிடம் யாரேனும் கேட்டால், "அது தலையில எழுதினது அவ்வளவுதான்" என்பார். நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். 1979இல் நான் ஆறாம் வகுப்பை முடித்தேன். அதே வீடு, அதே அப்பா, அதே சம்பளம். நான் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். ஆண்பிள்ளை என்பதால் என்னை அனுப்பினார்கள் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்தக் குற்றவுணர்வும் எனக்கு இருந்தது.

இந்தக் கட்டுரைக்காகச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்த நாளில் அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். "அக்கா, உங்கள நிறுத்துனப்போ அப்பா விதின்னு சொன்னாரே, நீங்க என்ன நெனச்சீங்க?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "விதியா? லாரி தம்பி" என்றார். பட்டணத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற தோட்டத்து லாரியை அந்த ஆண்டு நிறுத்திவிட்டார்களாம். பத்து மைலுக்கு மேல். வேறு வண்டி கிடையாது. அப்பா இரண்டு முறை அலுவலகத்திற்குச் சென்று கேட்டிருக்கிறார். இரண்டாம் முறை திரும்பி வந்த பிறகுதான் தலையெழுத்து என்று சொல்லத் தொடங்கினார். நான் படிக்கச் சென்ற காலத்தில் தார்ச்சாலை வந்து, பேருந்தும் ஓடத் தொடங்கியிருந்தது. ஐம்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. அப்பா கேட்டுப் பார்த்தார் என்பதுகூடத் தெரியாது.

என் பணிக்காலத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது; 2021இல்தான் அத்தேர்வை நீக்கினார்கள். பெற்றோர் சந்திப்பில் அவன் தாயார், "என்ன சார் செய்றது, அவன் தலையெழுத்து அப்படி" என்றார். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டினேன். அடுத்து ஒரு பெற்றோர் காத்திருந்தார், நேரமும் ஆகிவிட்டது. அந்தப் பையன் தாயாரின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். என் தலை ஆடியதை அவன் பார்த்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் வீட்டுக் குளிர்சாதனக் கருவி பழுதாயிற்று. சரிசெய்ய வந்த இளைஞன் அவன். தொழிற்பயிலகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பயின்றானாம். கருவியின் மின்சுற்று வரைபடத்தை விரித்து, பழுது எங்கே என்று விரலால் காட்டி எனக்கு விளக்கினான். எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் பொறுமையாக விளக்கினான். அன்று நான் ஆட்டிய தலையைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூலிக்குமேல் ஐம்பது வெள்ளி கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான்.

பெற்றோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'தலையெழுத்து' என்று சொல்லும் தாயாரை நான் குறைகூறவில்லை. அப்பா அச்சொல்லைச் சொன்னது இரண்டு முறை கேட்டுத் திரும்பிய பிறகு. பட்ட துன்பத்தைத் தாங்கிக்கொள்வதற்கு மனிதனுக்கு ஒரு சொல் வேண்டும். மதுராபதித் தெய்வமும் அதைத்தான் செய்தது. ஆனால் ஆசிரியனாகிய நான் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்காமலே அச்சொல்லுக்குத் தலையாட்டிவிட்டேன். பன்னிரண்டு வயதில் எது பழுத்துவிட்டது, பயனை ஊட்டுவதற்கு?

மறுவாரம் வகுப்பில் அந்த மாணவனிடம், "நீ கேட்டது சரி, நான் சொன்னது தவறு. இரண்டும் ஒரே சொல்தான்" என்றேன். ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டது அவர்களுக்குச் சொல்லாராய்ச்சியைவிடச் சுவையாக இருந்தது. பிறகு, அவரவர் வீட்டில் இதற்கு என்னென்ன சொற்கள் வழங்குகின்றன என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். தலைவிதி, யோகம், பிராப்தம், அதிர்ஷ்டம் என்று பட்டியல் வந்தது. அதிர்ஷ்டம் என்பதற்குக் 'காணப்படாதது' என்பதே வடமொழியில் பொருள் என்றேன். "அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வரவில்லை" என்றாள் ஒரு மாணவி.

ஒரு சிறுமி மட்டும் தன் பாட்டியிடம் கேட்டு, 'கொடுப்பினை' என்று எழுதி வந்திருந்தாள். பேறு பெற்றவரைக் 'கொடுத்து வைத்தவர்' என்று சொல்கிறோமே, அதே சொல். முன்பு பிறருக்குக் கொடுத்தது இப்போது திரும்பி வருகிறது. பங்கு, பழம், முறை, கட்டளை, எழுத்து என்று நான் தேடிய எந்தச் சொல்லிலும் இல்லாத ஓவியம் அந்தப் பாட்டியிடம் இருந்தது. பரிமேலழகரின் பட்டியலிலும் அது இல்லை.

உங்கள் ஊரிலும் தோட்டத்திலும் மூத்தவர்கள் வழங்கும் சொற்கள் வேறு இருந்தால் எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், யார் சொன்னது, எந்தச் சூழலில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் மாணவர்களுக்குக் காட்டப் பயன்படும்.